மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிடுமா? அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி இயங்கும் முறையும் பாதுகாப்பு விதிகளும்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில், முதலமைச்சரின் அதிகாரப்பூர்வ இல்லமான கிளிஃப் ஹவுஸ் வளாகத்தின் காவலர் அறையில், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஒரு துப்பாக்கி எதிர்பாராத விதமாக வெடித்தது. பாதுகாப்புப் பணிக்கு வந்திருந்த காவல் அதிகாரி ஒருவர் தமது கைத்துப்பாக்கியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது அது நிகழ்ந்தது. எவருக்கும் காயம் ஏற்படவில்லை. அந்த அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

ஓராண்டு கழித்து, 2023 டிசம்பர் 8 அன்று, உத்தரப் பிரதேச மாநிலம் அலிகார் நகரின் காவல் நிலையம் ஒன்றில் நிகழ்ந்தது அவ்வாறு முடியவில்லை. சக காவலர் எடுத்துக் கொடுத்த கைத்துப்பாக்கியை உதவி ஆய்வாளர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்தபோது அது வெடித்தது. கடவுச்சீட்டுச் சரிபார்ப்புக்காக வந்து எதிரே நின்றிருந்த பெண்ணின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்கள் சிகிச்சையில் இருந்த அவர் உயிரிழந்தார். அந்தக் காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலும் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர்கள் ஆயுதப் பயிற்சி பெற்ற காவல் துறையினர். பயிற்சி பெற்றவர்களின் கையிலும் ஏன் இது நிகழ்கிறது என்பதற்கான விடையின் பெரும்பகுதி, இவ்வகைத் துப்பாக்கி இயங்கும் முறையிலேயே அடங்கியிருக்கிறது. உரிமம் பெற்றவர்கள், உரிமத்துக்கு விண்ணப்பிப்போர், துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடும் மாணவர்கள், அவர்களின் குடும்பத்தினர் ஆகியோர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைத் தகவல்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

அரைத்தானியங்கி என்றால் என்ன?

கைத்துப்பாக்கிகளில் இன்று புழக்கத்தில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ரிவால்வர். இதில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையில், பொதுவாக ஐந்து அல்லது ஆறு துளைகளில் இருக்கும். உருளையைத் திறந்தால் எத்தனை தோட்டாக்கள் உள்ளன என்பதை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். மற்றொன்று செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் எனப்படும் அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி. இதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் மேகசின் என்ற பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கும்.

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும். ஆனால் அந்த ஒரு குண்டு வெளிப்பட்டவுடன், வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும் வேலையைத் துப்பாக்கி தானாகவே செய்துவிடும். சுடும் செயல் மனிதருடையது, மறுபடி ஏற்றும் செயல் இயந்திரத்தினுடையது என்பதால் அரைத்தானியங்கி என்று பெயர். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடும் முழுத்தானியங்கி ஆயுதங்கள் வேறு.

இவ்வகைத் துப்பாக்கிகள் 1890-களில் ஐரோப்பாவில் தோன்றின. ஹியூகோ போர்ச்சார்ட் 1893-இல் வடிவமைத்த கைத்துப்பாக்கி வணிக அளவில் வெற்றி கண்ட முதல் சிலவற்றுள் ஒன்று. இன்று நாம் காணும் வடிவத்துக்கு, அதாவது குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு கொண்ட அமைப்புக்கு, அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் பங்களிப்பே அடித்தளம். அவர் தொடங்கிவைத்து, அவரது மறைவுக்குப் பின் பெல்ஜியத்தில் நிறைவு செய்யப்பட்ட ஹை பவர் என்ற 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி 1935-இல் வெளிவந்தது. இந்தியாவில் இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலை தயாரித்து, ராணுவமும் காவல் துறைகளும் நீண்டகாலம் பயன்படுத்திவரும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஆட்டோ 1ஏ, அதே ஹை பவர் வழியில் வந்ததாகும். 1980-களில் ஆஸ்திரியாவில் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய குளோக் வகையும் இந்தியாவின் பல பாதுகாப்புப் படைகளிடம் உள்ளது.

முக்கிய பாகங்கள்

முதலில் ஒரு சொல் விளக்கம். பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு என்ற இரண்டும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. இக்கட்டுரையில் தோட்டா என்பது உலோக உறை, அதன் அடியில் உள்ள பிரைமர் என்ற தீமூட்டி, உள்ளே உள்ள வெடிமருந்து, முனையில் பொருத்தப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருளைக் குறிக்கும். குழலின் வழியே பறந்து செல்வது குண்டு மட்டுமே. உறை பின்தங்கி வெளியே வீசப்படும்.

துப்பாக்கியில் அறிய வேண்டிய பாகங்கள் ஆறு. குண்டு செல்லும் குழல். குழலின் பின்முனையில் சுடப்படத் தயாராகத் தோட்டா அமரும் சேம்பர் எனப்படும் அறை. குழலையும் அறையையும் மூடி நகரும் ஸ்லைடு. தோட்டாக்களை அடியிலுள்ள சுருள்வில்லால் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் மேகசின். விசை. பிரைமரைத் தாக்கும் ஊசி. பல வடிவங்களில் இந்த ஊசியை அடிக்க, வெளியே தெரியும்படி ஒரு சிறு சுத்தியும் இருக்கும். குளோக் போன்றவற்றில் வெளியே தெரியும் சுத்தி இல்லை.

ஒரு முறை சுடும்போது நடப்பவை

மேகசின் செருகப்பட்ட நிலையில் ஸ்லைடைக் கையால் பின்னுக்கு இழுத்துவிட்டால், அது சுருள்வில்லின் விசையால் முன்னோக்கிப் பாயும்போது மேகசினின் மேல் வரிசையில் உள்ள முதல் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் அமர்த்தும். இப்போது துப்பாக்கி சுடத் தயார்.

விசை அழுத்தப்பட்டதும் ஊசி பிரைமரைத் தாக்குகிறது. பிரைமரின் பொறி வெடிமருந்தை எரிக்கிறது. எரிவாயுவின் அழுத்தம், 9 மில்லிமீட்டர் தோட்டாவில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2,000 மடங்குக்கும் மேலாக உயர்கிறது. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. அதன் எதிர்விசை ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஸ்லைடில் உள்ள கொக்கி வெற்று உறையை இழுத்து, பக்கவாட்டுத் திறப்பின் வழியே வெளியே வீசுகிறது. சுருள்வில் ஸ்லைடை மீண்டும் முன்னுக்குக் கொணரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் சென்று அமர்கிறது. இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

மேகசினில் கடைசித் தோட்டாவும் தீர்ந்துவிட்டால், பெரும்பாலான துப்பாக்கிகளில் ஸ்லைடு பின்னிலையிலேயே பூட்டிக்கொண்டு நிற்கும். அதுவரை, ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் துப்பாக்கி மறுபடியும் சுடத் தயாரான நிலையிலேயே இருக்கும். சுடும் பயிற்சியை இடையில் நிறுத்துபவர் இதை மறக்கலாகாது.

அறையில் தங்கும் தோட்டா

தற்செயல் வெடிப்புகளின் மையக் காரணத்தை இப்போது விளங்கிக்கொள்ளலாம். ஒரு முறை அறைக்குள் சென்றுவிட்ட தோட்டாவுக்கும் மேகசினுக்கும் அதன்பின் எந்தத் தொடர்பும் இல்லை. மேகசினைக் கழற்றி மேசை மீது வைத்த பின்னும், அறைக்குள் இருக்கும் ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். ஸ்லைடு மூடியிருப்பதால் அது வெளியே தெரியாது. துப்பாக்கியின் தோற்றத்திலும் எடையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியாது. மேகசின் கையில் இருக்கிறது, எனவே துப்பாக்கி காலி என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

இதனுடன் சேரும் இரண்டாவது தவறு வரிசை மாறுவது. துப்பாக்கியைக் காலி செய்ய விரும்புபவர் முதலில் ஸ்லைடை இழுத்து அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு மேகசினைக் கழற்றினால் என்ன ஆகும்? ஸ்லைடு முன்னோக்கிச் செல்லும்போதே மேகசினிலிருந்து புதிய தோட்டா ஒன்று அறைக்குள் ஏறிவிடும். ஒரு தோட்டா வெளியே வந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர், மேகசினையும் தாமே கழற்றியவர், துப்பாக்கி காலி என்று முழுமையாக நம்புவார். ஆனால் அறையில் தோட்டா இருக்கும். எனவேதான் எல்லாப் பயிற்சி நிலையங்களிலும் முதலில் மேகசின், பிறகு அறை என்ற வரிசை மாற்றமின்றிக் கற்பிக்கப்படுகிறது.

மூன்றாவது காரணம், துப்பாக்கிக்குத் துப்பாக்கி உள்ள வேறுபாடு. ஹை பவர் கைத்துப்பாக்கியின் மூல வடிவத்தில், மேகசின் இல்லாதபோது விசை செயல்படாதவாறு தடுக்கும் ஒரு சிறு இணைப்பு உண்டு. குளோக் வகையில் அத்தகைய தடுப்பு இல்லை. மேகசின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறையில் தோட்டா இருந்தால் அது சுடும். முதல் வகையில் பழகிய கை, இரண்டாம் வகையிலும் அதே பாதுகாப்பை எதிர்பார்த்தால் விளைவு விபரீதமாகும். அதுமட்டுமன்றி, குளோக் வகையைத் துப்புரவுக்காகப் பிரிக்க வேண்டுமானால் முதலில் விசையை அழுத்தியாக வேண்டும். அறையைச் சரிபார்க்காமல் பிரிக்கத் தொடங்குபவர் அந்தக் கட்டத்திலேயே துப்பாக்கியைச் சுட்டுவிடுவார். துப்புரவின்போது துப்பாக்கி வெடித்தது என்ற செய்திகள் அடிக்கடி வருவதற்கு இதுபோன்ற இயந்திரக் காரணங்கள் உண்டு.

நான்கு அடிப்படை விதிகள்

உலகெங்கும் கற்பிக்கப்படும் நான்கு விதிகளை இன்றைய வடிவில் தொகுத்துப் பரப்பியவர் அமெரிக்கப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர். அவற்றின் சாரம் வருமாறு.

முதல் விதி: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றப்பட்டதாகவே கருத வேண்டும். மற்றவர் சரிபார்த்துக் கொடுத்தாலும், கையில் வாங்கியவர் மறுபடியும் தாமே சரிபார்க்க வேண்டும். கொடுப்பவர் ஸ்லைடைப் பின்னிலையில் பூட்டி, மேகசினைக் கழற்றிய நிலையிலேயே கொடுக்க வேண்டும்.

இரண்டாம் விதி: அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலின் முனையைத் திருப்பக் கூடாது. பிறரை நோக்கி மட்டுமின்றி, தமது கை, கால்களை நோக்கியும் முனை திரும்பக் கூடாது. மேசை மீது வைக்கும்போதும், உறையில் செருகும்போதும், உடன் இருப்பவரிடம் திரும்பிப் பேசும்போதும் இவ்விதி மீறப்படுவது மிகுதி.

மூன்றாம் விதி: இலக்கைக் குறிபார்த்துச் சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. சுட்டுவிரல் விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே, சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டி வைக்கப்பட வேண்டும். திடுக்கிடும்போதும், கால் இடறும்போதும், மற்றொரு கையால் எதையேனும் இறுகப் பற்றும்போதும் விரல்கள் தாமாகவே மடங்கும். குளோக் போன்ற துப்பாக்கிகளில் விசையை அழுத்த ஏறத்தாழ இரண்டரை கிலோகிராம் விசையே போதும். தன்னிச்சையாக இறுகும் கை அதைவிட அதிக விசையைச் செலுத்தும்.

நான்காம் விதி: இலக்கையும் அதன் பின்னால் உள்ளதையும் அறிந்திருக்க வேண்டும். திருவனந்தபுரத்தை அடுத்த மலையின்கீழ் பகுதியினருக்கு இவ்விதியின் பொருள் நன்கு தெரியும். அங்குள்ள மூக்குன்னிமலைச் சுடுதளத்தில் பயிற்சி நடந்த காலத்தில், அருகிலுள்ள குடியிருப்புகளில் குண்டு வந்து விழுந்த நிகழ்வு 2024-இல் செய்தியானது. ரைபிள் குண்டுகளின் பாய்ச்சல் தொலைவு அதிகம் என்பது உண்மை. எனினும் கைத்துப்பாக்கிக் குண்டும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் சென்று காயப்படுத்த வல்லது. மரக் கதவு, மெல்லிய தடுப்புச் சுவர், வாகனக் கண்ணாடி ஆகியவை அதைத் தடுத்து நிறுத்திவிடும் என்று கொள்ளலாகாது. கல், இரும்பு, நீர்ப்பரப்பு ஆகியவற்றில் பட்டால் குண்டு திசைமாறித் தெறிக்கும்.

இந்த நான்கில் ஒன்று மீறப்பட்டாலும் மற்றவை காத்துவிடும் வகையில் விதிகள் அமைந்துள்ளன. துப்பாக்கி வெடித்துவிட்டாலும், முனை பாதுகாப்பான திசையில் இருந்திருந்தால் சேதம் ஒரு மணல் மூட்டையுடன் முடிந்துவிடும். அலிகார் நிகழ்வில் துப்பாக்கி காலியா என்பது சரிபார்க்கப்படவில்லை, முனை ஒரு மனிதரை நோக்கியிருந்தது, விரல் விசையின் மீது இருந்தது. மூன்று விதிகள் ஒரே கணத்தில் மீறப்பட்டதன் விலை ஓர் உயிர்.

காலி செய்யும் சரியான வரிசை

ஒன்று: முனையைப் பாதுகாப்பான திசையில் நிறுத்துதல். படை முகாம்களில் இதற்கென மணல் நிரப்பிய பெட்டி அல்லது மணல் மூட்டை அடுக்கு வைக்கப்பட்டிருக்கும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

இரண்டு: சேஃப்டி எனப்படும் பாதுகாப்புத் தாழ் உள்ள துப்பாக்கியாயின், அது அனுமதிக்கும் பட்சத்தில், அதைப் பாதுகாப்பு நிலையில் வைத்தல்.

மூன்று: மேகசினைக் கழற்றி, துப்பாக்கியிலிருந்து விலக்கி வைத்தல்.

நான்கு: ஸ்லைடை முழுமையாகப் பின்னுக்கு இழுத்து, அறையிலுள்ள தோட்டாவை வெளியே விழச் செய்தல். வெளியேறும் தோட்டாவை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க முயலக் கூடாது. கைக்கும் திறப்புக்கும் இடையே சிக்கும் தோட்டாவின் பிரைமர் ஏதேனும் கூர்முனையில் பட்டால் அது கையிலேயே வெடிக்கக்கூடும். தரையில் விழட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து: ஸ்லைடைப் பின்னிலையில் பூட்டிவைத்து, அறையையும் மேகசின் செருகும் குழியையும் கண்ணால் பார்த்தல். இருட்டிலோ மங்கிய ஒளியிலோ சிறு விரலால் தொட்டும் உறுதிசெய்தல். ஒருமுறை பார்த்த பின் மறுபடியும் பார்த்தல்.

ஆறு: மேகசினையும் வெளியே எடுத்த தோட்டாக்களையும் எண்ணிக் கணக்கைச் சரிபார்த்தல். ஏற்றிய எண்ணிக்கைக்கும் வெளியே வந்த எண்ணிக்கைக்கும் ஒன்று குறைந்தால், அந்த ஒன்று எங்கே என்று தெரியும் வரை அடுத்த படிக்குச் செல்லக் கூடாது.

படைப் பிரிவுகளில் இதை ஒருவர் செய்ய மற்றொருவர் பார்த்து உறுதிசெய்யும் வழக்கம் உள்ளது. வீட்டில் தனியே இருப்பவருக்கு அந்த இரண்டாவது கண் இல்லை என்பதால், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது நல்ல பழக்கம்.

சேஃப்டியை எவ்வளவு நம்பலாம்?

பாதுகாப்பு அமைப்புகள் பல வகைப்படும். கட்டை விரலால் நகர்த்தும் தாழ் ஒரு வகை. விசையின் நடுவில் உள்ள சிறு நெம்பு சேர்ந்து அழுந்தினால் மட்டுமே விசை நகரும் அமைப்பு இன்னொரு வகை. துப்பாக்கி கீழே விழுந்தாலும் ஊசி முன்னோக்கிச் செல்லாதவாறு தடுக்கும் உள் அமைப்பு மற்றொன்று. சில துப்பாக்கிகளில் அறையில் தோட்டா இருந்தால் சிறு முனை ஒன்று வெளியே துருத்திக்கொண்டு அறிவிக்கும்.

இவை அனைத்தும் இயந்திரங்கள். தேயலாம், அழுக்கு அடையலாம், பழுதடையலாம். குளோக் வகையில் கையால் நகர்த்தும் தாழே கிடையாது. விசை அழுத்தப்பட்டால் உள்ளிருக்கும் மூன்று பாதுகாப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ளும். எனவே சேஃப்டி என்பது சரியான கையாளுதலுக்குத் துணை மட்டுமே.

கை நழுவித் துப்பாக்கி விழுந்தால் அதைப் பிடிக்கப் பாய்வது இயல்பான உந்துதல். ஆனால் அவ்வாறு பற்றும் விரல் விசையில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். நல்ல நிலையில் உள்ள நவீனத் துப்பாக்கி விழுந்தால் வெடிக்காதவாறு வடிவமைக்கப்பட்டிருப்பதால், அதை விழவிடுவதே பாதுகாப்பானது. பழைய துப்பாக்கிகளுக்கு இந்த உறுதி இல்லை. 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தா, உரிமம் பெற்ற தமது ரிவால்வரை வீட்டில் எடுத்துவைக்கும்போது அது வெடித்துக் காலில் காயமடைந்தார். எந்த வகையாயினும், அறையிலோ உருளையிலோ தோட்டா இல்லாத துப்பாக்கி விழுந்தால் தரை மட்டுமே சேதமடையும்.

சுடும்போது கோளாறு ஏற்பட்டால்

விசையை அழுத்தியும் துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால், உடனே திருப்பிப் பார்ப்பது ஆபத்தான செயல். பிரைமர் தாமதமாகத் தீப்பற்றி, சில நொடிகள் கழித்து வெடிக்கும் வாய்ப்பு உண்டு. முனையை இலக்கின் திசையிலேயே வைத்துக்கொண்டு குறைந்தது 30 நொடிகள் காத்திருந்து, பின்னர் மேற்சொன்ன வரிசைப்படி காலி செய்ய வேண்டும்.

வழக்கமான ஓசைக்குப் பதிலாக மந்தமான சிறு ஓசை கேட்டு, எதிர்விசையும் குறைவாக உணரப்பட்டால், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அந்நிலையில் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். உடனே சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, தகுதி பெற்ற ஆயுதப் பழுதுநீக்குநரிடம் ஒப்படைக்க வேண்டும். வெற்று உறை ஸ்லைடில் சிக்கி நிற்பது பொதுவாகத் துப்பாக்கியைத் தளர்வாகப் பிடிப்பதாலும், அழுக்கு மிகுவதாலும் ஏற்படுகிறது. அப்போதும் முதல் செயல் மேகசினைக் கழற்றுவதே.

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இன்றிச் சுடக் கூடாது. கைத்துப்பாக்கியின் ஓசை பொதுவாக 150 டெசிபெலைத் தாண்டும். ஒரே ஒரு முறை கேட்டாலும் செவிப்புலனுக்கு நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்தவல்ல அளவு அது. வெப்பமான வெற்று உறைகளும் தூசியும் கண்ணில் படக்கூடும். குண்டுகளிலும் பிரைமரிலும் ஈயம் இருப்பதால், பயிற்சிக்குப் பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்.

துப்புரவு செய்யும் இடத்தில்

துப்புரவு செய்யும் மேசையில் தோட்டாக்கள் எதுவும் இருக்கலாகாது. காலி செய்யும் வேலை ஓரிடத்திலும், துப்புரவு வேறோர் இடத்திலும் நடந்தால் தோட்டா மறுபடி துப்பாக்கிக்குள் செல்லும் வாய்ப்பு இல்லை. தொலைபேசி அழைப்பு, உரையாடல் ஆகியவற்றால் இடையில் கவனம் சிதறினால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் கையேட்டின்படி மட்டுமே பிரிக்கவும் பூட்டவும் வேண்டும்.

சுடுதளத்தில் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு

2015-இல் கேரளத்தில் நடைபெற்ற 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் துப்பாக்கிச் சுடுதளம் அமைக்கப்பட்டது. இத்தகைய தளங்களில் நடைபெறும் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் .22 அளவு அரைத்தானியங்கித் துப்பாக்கிகளே பயன்படுகின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றது இவ்வகைத் துப்பாக்கியில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரு வெண்கலங்களை வென்றது காற்றழுத்தத் துப்பாக்கியில் என்றாலும், 25 மீட்டர் பிரிவிலும் போட்டியிட்டு நான்காம் இடம் பெற்றார்.

போட்டித் தளத்தில் அதிகாரியின் ‘ஏற்றுக’ என்ற கட்டளைக்குப் பின்னரே தோட்டாவைத் தொடலாம். ‘நிறுத்துக’ என்ற சொல்லை யார் கூறினாலும் அனைவரும் உடனே சுடுவதை நிறுத்த வேண்டும். சுடாத நேரங்களில் அறைக்குள் ஒளிர் நிறப் பாதுகாப்புக் கொடி செருகப்பட்டிருக்க வேண்டும். அறை காலியாக இருந்தால் மட்டுமே அந்தக் கொடியைச் செருக முடியும் என்பதால், தொலைவிலிருந்தே எவரும் நிலைமையை அறியலாம். இலக்குப் பலகையின் அருகே ஆட்கள் இருக்கும்போது துப்பாக்கியைத் தொடுவது தகுதிநீக்கத்துக்கு உரிய குற்றம். தோட்டா கண்ணுக்குத் தெரியாமல் தங்கும் இடத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே இந்த ஒழுங்குகளின் நோக்கம்.

வீட்டிலும் பயணத்திலும்

துப்பாக்கியைக் காலி செய்து பூட்டிய பெட்டகத்திலும், தோட்டாக்களைத் தனியே பூட்டிய வேறிடத்திலும் வைக்க வேண்டும். தலையணைக்கு அடியிலும், துணி அலமாரியிலும், வாகனத்தின் முன்பெட்டியிலும் வைப்பது பாதுகாப்பாகாது. மறைத்து வைத்ததைக் குழந்தைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துவிடும். குடும்பத்தில் எவரேனும் கடும் மன உளைச்சலில் இருந்தால், துப்பாக்கியை அவர் அணுக முடியாதவாறு வீட்டை விட்டே அகற்றி, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ சட்டப்படி ஒப்படைத்து வைப்பது உயிர்காக்கும் செயல்.

விமானப் பயணத்தில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கைப்பையில் எடுத்துச் செல்லவே கூடாது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அறிவித்து, உரிமத்தைக் காட்டி, காலி செய்த துப்பாக்கியைப் பதிவுசெய்த சுமையில் மட்டுமே அனுப்ப முடியும். பழைய பையின் ஓரத்தில் மறந்து கிடக்கும் ஒரு தோட்டாவே விமான நிலையச் சோதனையில் வழக்குக்குக் காரணமாகலாம்.

சட்டம் கூறுவது

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமத்துக்கு உட்பட்டது. விண்ணப்பதாரர் 21 வயது நிறைவடைந்தவராக இருக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சிக்குத் தனி விதிவிலக்குகள் உண்டு. மாவட்ட ஆட்சியரும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் கால அளவு மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது.

ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. பொதுமக்களில் உரிமம் பெறுவோர் வாங்கும் அரைத்தானியங்கிகள் பெரும்பாலும் .32 அளவுடையவை. இஷாபூர் தொழிற்சாலையின் அஷானி அவற்றுள் ஒன்று.

கவனக்குறைவாகவோ, திருமணம் போன்ற கொண்டாட்டங்களின்போதோ துப்பாக்கியால் சுட்டுப் பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2019 திருத்தம் வகை செய்கிறது. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழை வலியுறுத்துகின்றன. துப்பாக்கியையும் தோட்டாவையும் பாதுகாப்பாகக் கையாளுதல், எடுத்துச் செல்லுதல், பராமரித்தல், சேமித்தல் ஆகியவை அப்பயிற்சியில் அடங்கும். கேரளத்தில் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டைத் தொடர்ந்து, உரிமதாரர்களுக்கும் விண்ணப்பதாரர்களுக்கும் காவல் துறையின் ஆயுதப்படை முகாம்களிலேயே கட்டணம் பெற்றுப் பயிற்சி அளிக்க 2022 தொடக்கத்தில் ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை கட்டணம் அறிவிக்கப்பட்டது.

எண்ணிக்கையும் பாதுகாப்பே

தோட்டாக்களை எண்ணிக் கணக்கு வைப்பது தனிநபருக்கு மட்டுமன்றி ஆயுதக் கிடங்குகளுக்கும் பொருந்தும். 2020 பிப்ரவரியில் கேரளச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, திருவனந்தபுரத்தில் உள்ள சிறப்பு ஆயுதப்படைப் பிரிவில் 25 இன்சாஸ் ரைபிள்களும் 12,061 தோட்டாக்களும் கணக்கில் குறைவதாகக் கூறியது. பின்னர் நடந்த குற்றப்பிரிவு ஆய்வில் ரைபிள்கள் அனைத்தும் இருப்பது கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எனினும், ஏட்டில் உள்ள எண்ணும் கையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்ற கேள்வியை அந்த அறிக்கை மாநிலம் முழுவதும் எழுப்பியது. ஒரு மேகசினைக் காலி செய்பவர் எழுப்ப வேண்டிய கேள்வியும் அதுவே.

துப்பாக்கியைக் கண்டெடுத்தால்

துப்பாக்கியைப் பற்றி எதுவும் அறியாதவர்களுக்கான விதி மிகச் சுருக்கமானது. பேருந்து இருக்கையிலோ, குப்பைத் தொட்டியிலோ, காலமான உறவினரின் பெட்டியிலோ துப்பாக்கியோ தோட்டாவோ தென்பட்டால் அதைத் தொடாமல், காலியா என்று சோதிக்க முயலாமல், மற்றவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, விலக்கிவிட்டு 112 என்ற அவசர எண்ணில் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி உள்ளவர்கள் தங்கள் குழந்தைகளுக்குக் கற்றுத்தர வேண்டியதும் இதுவே: நில், தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவரிடம் சொல்.